ஹிஜாஸின் கம்பும் எங்கள் களிகம்பும்

கல்பிட்டிக் குடாநாட்டில் ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பாடசாலையின் பெயர் வேண்டாம். அது அந்த ஒரு பாடசாலையின் கதை மட்டுமல்ல. நிகழ்ச்சி நிரலில் 'அரபு நடனம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பன்னிரண்டு பையன்கள் மேடைக்கு வந்தார்கள். வெள்ளை ஜுப்பா, தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, அதன்மேல் சைக்கிள் டியூப்பை வெட்டிச் செய்த கறுப்பு வளையம். கையில் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை வாள். ஒலிபெருக்கியில் ஓர் அரபுப் பாட்டு. காதல் பாட்டாகத்தான் இருக்க வேண்டும், 'ஹபீபி' என்ற சொல் மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. பையன்கள் இடப்பக்கம் போனார்கள், வலப்பக்கம் வந்தார்கள், வாளைத் தூக்கினார்கள், இறக்கினார்கள். மேடையில் அமர்ந்திருந்த மௌலவி உட்பட எல்லோரும் கைதட்டினோம்.

எனக்கு முன்வரிசையில் ஒரு முதியவர் இருந்தார். ஆடிய பையன்களில் ஒருவன் அவருடைய பேரன். எங்கள் கரையில் களிகம்பு பழக்கிய அண்ணாவிமாரில் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதே போன்ற இன்னொரு பாடசாலைக்கு அவர் போனார். பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் களிகம்பு பழக்கித் தருகிறேன், காசு வேண்டாம், கம்பு மட்டும் செய்து தாருங்கள் என்று கேட்டார். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் விடயம் வந்தது. 'அது அனாச்சாரம். மார்க்கத்தில் இல்லாதது. இந்துக்களின் கோலாட்டம்' என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் தலையாட்டினார். அத்துடன் முடிந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நான் வாய் திறக்கவில்லை. இன்று இந்தக் கட்டுரையில் மற்றவர்களை நோக்கி நீட்டுகிற விரல்களில் ஒன்று என்னையும் சுட்டுகிறது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கம்பு அனாச்சாரமாகவும் அட்டை வாள் இஸ்லாமியக் கலாசாரமாகவும் ஆனது எப்படி? இந்தக் கேள்வியைத்தான் கேட்க வந்தேன்.

அரபிகள் ஆடுகிறார்களா என்ற கேள்வியோடு தொடங்குவோம். ஆடுகிறார்கள். நன்றாகவே ஆடுகிறார்கள். அந்தப் பையன்களுக்குப் பழக்கியவர் எதைப் பார்த்துப் பழக்க நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அது நஜ்தின் அர்ழா. ஆண்கள் இரண்டு வரிசையாகத் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள், வாள் ஏந்துவார்கள், நடுவில் மேளக்காரர். ஒரு கவிஞர் அடி எடுத்துக் கொடுக்க, ஒரு வரிசை பாடும், மற்ற வரிசை பதில் சொல்லும். போருக்குப் புறப்படுமுன் ஆடியது. இன்று சவூதி அரச விழாக்களில் மன்னர் குடும்பத்தவரே இறங்கி ஆடுகிறார்கள். 2015இல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது. 2017 மே மாதம் ரியாதுக்கு வந்த அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப்பின் கையிலும் ஒரு வாளைக் கொடுத்து நடுவில் நிறுத்தினார்கள். உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. எங்கள் பையன்களை விட அவர் நன்றாக ஆடினார் என்று சொல்லமாட்டேன்.

அர்ழாவில் பாட்டைப் பாடுவது ஆடுகிறவர்கள். ஒலிப்பதிவு அல்ல. அந்தப் பாட்டு அவர்கள் ஊர்ப் பாட்டு, அவர்கள் பேச்சுமொழியில் கட்டிய கவிதை. அதாவது, அர்ழாவைப் பார்த்து நாம் ஒன்றைப் படிக்க வேண்டுமானால் அது இதுதான்: உன் ஊர்க் கவிஞனை நடுவில் நிறுத்து, உன் மொழியில் பாடு, உன் அடியை ஆடு. நாம் படித்ததோ சைக்கிள் டியூப்.

இனி ஹிஜாஸுக்கு வருகிறேன். மக்கா, மதீனா, ஜித்தா, தாயிப் இருக்கின்ற ஹிஜாஸ். நமது ஹாஜிமார் ஆண்டுதோறும் போய் வருகின்ற மண். அங்கே மிஸ்மார் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அரபியில் மிஸ்மார் என்றால் குழல் என்றும் பொருள். ஆனால் இந்த ஆட்டத்தின் உயிர் குழலில் இல்லை, கம்பில் இருக்கிறது. பதினைந்து பேர் முதல் நூறு பேர் வரை வெள்ளை உடையில் இரு வரிசையாக எதிரெதிரே நின்று கைதட்டி உரத்துப் பாடுவார்கள். மேளம் அடிப்பார்கள். இரண்டு பேர் நடுவே இறங்கிக் கம்பைச் சுழற்றி ஆடுவார்கள். அவர்கள் விலக அடுத்த இருவர். கலியாண வீட்டில் ஆடுவார்கள், பெருநாளில் ஆடுவார்கள். தகப்பன் மகனுக்குப் பழக்குவான். 'மேளமும் கம்பாட்டமும்' என்றே பெயர் எழுதி, 2016இல் சவூதி அரேபியாவின் பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் இதுவும் ஏறியது. அதே ஆண்டு எகிப்தின் தஹ்தீப் என்ற கம்பு விளையாட்டும் ஏறியது.

இரு வரிசை, மேளம், கம்பு, பாட்டு, கலியாண வீடு, பெருநாள். எங்கள் அண்ணாவியார் கேட்டதும் இதைத்தான்.

களிகம்பைப் பார்க்காத இளைய வாசகர்களுக்காகச் சில வரிகள். எங்கள் பக்கத்தில் களிகம்பு என்றும் கோலாட்டம் என்றும் கேட்டு வளர்ந்தேன். கிழக்கில் பொல்லடி என்பார்கள். ஆட்கள் சோடி சோடியாக இருக்க வேண்டும், ஒற்றைப்பட்டால் ஆட்டம் அமையாது. அண்ணாவியார் நடுவில் தாளத்தோடு நிற்பார். முதலில் காப்பு. அல்லாஹ்வைப் புகழ்ந்து, ரசூலுல்லாஹ்வின் மீது ஸலவாத்துச் சொல்லி, பிறகே கம்பு ஒன்றோடொன்று தொடும். தன் கம்பைத் தானே தட்டுவது ஒரு கணக்கு, எதிரியின் கம்பில் தட்டுவது ஒரு கணக்கு, குனிந்து பக்கத்தவனுடையதில் தட்டித் திரும்புவது இன்னொரு கணக்கு. மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏறி, கடைசியில் பன்னிரண்டு பேரின் கம்பும் ஒரே ஓசையாகக் கேட்கும். ஒருவன் பிந்தினால் பக்கத்தவனின் விரல் உடையும். இதில் பெண் ஆண் கலப்பு இல்லை. மது இல்லை. ஆபாசம் இல்லை. சுன்னத்து மாப்பிள்ளையை ஊர்வலமாகக் கொண்டு வரும்போது முன்னால் களிகம்பு போன காட்சி எனக்கு ஏழு வயதில் கண்ட காட்சி. அந்த மாப்பிள்ளை நான்தான். அதனால் முழுமையாக ரசிக்க முடியவில்லை.

இது கோலாட்டத்தின் உறவு என்பதை நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்க வேண்டும்? தமிழ் பேசுகிற மண்ணில் தமிழின் அடியை எடுத்து, ஸலவாத்தை அதன் தலையில் வைத்து ஆடியிருக்கிறார்கள் எங்கள் முன்னோர். ஹிஜாஸிகள் ஹிஜாஸின் அடியை எடுத்தார்கள். அவர்களும் ஆகாயத்திலிருந்து எடுக்கவில்லை. தஹ்தீப் கம்பாட்டம் இஸ்லாத்துக்கு முந்திய பண்டைய எகிப்தியச் சுவர்ச் சித்திரங்களில் இருக்கிறது. பிர்அவ்னுடைய காலத்து ஆட்டம் என்று எகிப்திய முஸ்லிம்கள் அதைத் தூக்கி எறியவில்லை.

மார்க்கத்தைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பார்கள். ஆலிமல்ல நான், ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியன். ஆனால் பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலே ஈட்டி விளையாட்டு ஆடியதையும், ஆயிஷா நாயகி அதை நபிகளாரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததையும் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருப்பது ஆலிம்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் அல்ல. கலியாணத்திலும் பெருநாளிலும் தஃப் அடிப்பது பற்றிய செய்திகளும் அப்படியே. இசைக் கருவிகள் பற்றி இமாம்களுக்கிடையில் கருத்து வேறுபாடு உண்டு. கடுமையாகத் தடுத்தவர்களும் உண்டு, இஹ்யாவில் இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி ஆகுமானது எது ஆகாதது எது என்று நிதானமாகப் பிரித்துப் பார்த்த இமாம் கஸ்ஸாலியும் உண்டு. கடுமையான கருத்தை உடையவர் அதைக் கடைப்பிடிக்கட்டும், அவருக்கு என் மரியாதை. ஆனால் அவர் அட்டை வாளுக்கும் கைதட்டக் கூடாது அல்லவா? களிகம்பில் தாளம் மட்டும்தான் இருந்தது. அந்த மேடையில் ஒலித்த பாட்டில் வயலினிலிருந்து மின்மேளம் வரை எல்லாமே இருந்தன. ஃபத்வாவின் அடிப்படை கருவியாக இருந்திருந்தால் அன்று நின்றிருக்க வேண்டியது அந்தப் பாட்டுத்தான். நிற்கவில்லை. ஆகவே எங்களிடம் செயற்பட்டது ஃபிக்ஹ் அல்ல. எது அரபியாய்த் தெரிகிறதோ அது ஹலால், எது தமிழாய்த் தெரிகிறதோ அது ஹறாம் என்ற எழுதப்படாத ஒரு சட்டம்.

இதே சட்டம்தான் எங்கள் பெண்களின் குரவையையும் நிறுத்தியது. என் உம்மா நல்ல குரவைக்காரி. மாப்பிள்ளை வாசலில் கால் வைத்ததும் நாக்கைச் சுழற்றி அவர் எழுப்புகிற ஓசை மூன்று வளவுக்கு அப்பால் கேட்கும். 'அது அந்நியக் கலாசாரம்' என்று ஒரு நாள் பயான் நடந்தது. உம்மா நிறுத்திவிட்டார். பல வருடங்களுக்குப் பிறகு தொலைக்காட்சியில் ஒரு பலஸ்தீனக் கலியாணத்தைக் காட்டினார்கள். பெண்கள் அதே நாக்கை அதே விதமாகச் சுழற்றினார்கள். அரபியில் அதற்கு ஸக்ரூதா என்று பெயர். உம்மா என்னைப் பார்த்து, 'இவங்களுக்குப் பயான் பண்ண ஆள் இல்லையா வாப்பா?' என்று கேட்டார். நான் இதுவரை கேட்ட பண்பாட்டு விமர்சனங்களில் அதைவிடக் கூர்மையானது ஒன்றும் இல்லை.

எங்கள் கரையை அரபிகள் பார்த்த விதமும் வேறு. 1344இல் இப்னு பதூதா வந்து இறங்கிய பத்தாலா என்ற ஊர் புத்தளம்தான் என்று கொள்ளப்படுகிறது. புத்தளத்தார் ஒவ்வொருவரும் இதைப் பெருமையாகச் சொல்வோம், நானும் சொல்வேன். ஆனால் அதே பயணி அதற்குப் பல ஆண்டுகள் முன், 1327 வாக்கில், இராக்கின் உம்மு உபைதாவில் அஹ்மதுர் ரிபாயி அவர்களின் அடக்கத்தலத்தில் கண்டதை யாரும் சொல்வதில்லை. மேளம் முழங்க பக்கீர்கள் ஆடியதையும், நெருப்பில் இறங்கியதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த ரிபாயி நாயகத்தின் பெயரால்தான் இங்கே பாவாமார் ரபான் தட்டி ராத்திபு நடத்தினார்கள். உடலில் குத்திக்கொள்வதை ஏற்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை, எனக்கே அது பிடிக்காது. ஆனால் பாவாமாரின் ரபானை 'இந்தியாவிலிருந்து வந்த கோமாளித்தனம்' என்று ஏசுகிறவர்கள், அது இராக்கிலிருந்து வந்த வழியையாவது தெரிந்துகொண்டு ஏசலாம். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்பிய அந்த ரபான் ஓசை நின்று எத்தனை காலமாயிற்று? கைத்தொலைபேசி எழுப்புகிறது. எழுப்பிவிட்டு ஸலவாத்துச் சொல்வதில்லை.

கடல் சார்ந்த ஒரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். பஹ்ரைனில் பிஜ்ரி என்று ஒரு கலை உண்டு, முத்துக்குளிப்பவர்களின் பாட்டும் ஆட்டமும். நஹ்ஹாம் என்கிற பாட்டுக்காரன் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் கைதட்டியும் மண்குடத்தைத் தட்டியும் பாடுவார்கள். முத்துத் தொழில் அங்கே எப்போதோ அழிந்துவிட்டது, பாட்டு அழியவில்லை. 2021இல் அதுவும் பட்டியலில் ஏறியது. எங்களுக்கு வடக்கே, வில்பத்துக் காட்டைத் தாண்டினால் மரிச்சுக்கட்டியும் சிலாவத்துறையும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடந்த முத்துக்குளிப்புக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிக் குளிப்பாளர்கள் வந்தார்கள். காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் எங்கள் கரையாரும் அவர்களும் ஒரே கடலில் குதித்தார்கள். அவர்கள் தங்கள் பாட்டைக் காப்பாற்றினார்கள். நாங்கள்? உடப்பில் கரைவலை இழுக்கிற இந்துச் சகோதரர்கள் பாடும் அம்பாப் பாட்டை ஆய்வாளர்கள் தொகுத்து நூலாக்கியிருக்கிறார்கள். அதே கடலில் வலை இழுத்த எங்கள் சம்மாட்டிமாரின் தோணிகளில் என்ன பாடினார்கள் என்று கேட்டால், 'ஏதோ பாடுவாங்க' என்கிறார்கள். ஏதோ!

இன்னும் கூசவைக்கிற ஓர் எடுத்துக்காட்டு புத்தளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிரம்பியடி. போர்த்துக்கேயர் காலந்தொட்டு அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். கத்தோலிக்கர்கள். 'காபிர்' என்ற அரபுச் சொல்லைப் போர்த்துக்கேயர் தம் வாயில் போட்டு அவர்களுக்கு இனப்பெயராகச் சூட்டினார்கள். அவர்களிடம் மாஞ்ஞா என்ற பாட்டும் ஆட்டமும் இருக்கின்றன. பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். அன்றாடப் பேச்சில் அந்த மொழி கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது, சொல்லின் பொருள் மங்கிய பாட்டையும் பாடுகிறார்கள். தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் அவர்களுக்கு வாத்தியம். வளைகுடா நாடுகளிலும் இவர்களைப் போலவே கிழக்காபிரிக்காவிலிருந்து போனவர்களின் சந்ததி லேவா என்ற ஆட்டத்தை ஆடுகிறது, அரபிகள் அதைத் தங்கள் நாட்டார் கலையாக ஏற்று விழாக்களில் ஆட வைக்கிறார்கள். சில நூறு பேர் கொண்ட ஒரு சமூகம், நிலமும் இல்லாமல் பணமும் இல்லாமல் தன் பாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பள்ளிவாசல் மினாராவை எத்தனை அடி உயர்த்துவது என்று போட்டி போடுகிற நாங்கள் ஒரு பன்னிரண்டு சோடிக் கம்புக்கு வழியில்லாமல் இருக்கிறோம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டு வடக்கிலிருந்து வெளியேறிய 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் எங்கள் மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். கையில் ஒன்றும் கொண்டுவர விடவில்லை. ஆனால் முசலியிலிருந்தும் எருக்கலம்பிட்டியிலிருந்தும் வந்த முதியவர்களின் வாயில் பாட்டு இருந்தது. தாலாட்டும் கலியாணப் பாட்டும் அறுவடைப் பாட்டும். ஓலைக் கொட்டில்களில் முப்பது வருடங்களாக அந்த வாய்கள் எங்கள் அருகிலேயே இருந்தன. நாங்கள் அவர்களைப் பற்றி நிறையக் கவிதை எழுதினோம். அவர்களிடமிருந்து எத்தனை பாட்டை எழுதி எடுத்தோம்? நமது இலக்கிய வட்டங்களைத்தான் கேட்கிறேன். அடையாள அரசியல், கதையாடல், பின்காலனியம் என்று இருபது வருடமாகப் பக்கங்களை நிரப்பிய நம்மில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு மூத்தும்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அரபு நடனம் என்றால் இடுப்பாட்டம் தானே என்று கேலி செய்கிற முற்போக்கு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. எகிப்தில் கிராமத்தாரும் சாதாரண சனங்களும் ஆடிய ஆட்டத்துக்கு ரக்ஸ் பலதி என்று பெயர், 'ஊர் ஆட்டம்' என்று நேராகச் சொல்லலாம். கெய்ரோவின் மேடைகள் அதைப் பட்டுடுத்தி வெளிநாட்டாருக்குக் காட்டின. ஆனாலும் தஹியா காரியோக்கா என்ற ஆட்டக்காரியைப் பற்றி எட்வர்ட் செய்த் 1990இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓரியண்டலிசத்தை எழுதிய அதே செய்த்! 1959இல் மஹ்மூத் ரிதா தொடங்கிய குழு எகிப்தின் கிராமம் கிராமமாகப் போய் ஆட்டங்களைப் பார்த்து மேடைக்குக் கொண்டுவந்தது. இதில் எதை ஏற்பது எதை விடுவது என்பது வேறு விவாதம். தங்கள் ஊர் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு அவர்கள் வெட்கப்படவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மே மாதம் சிலாபத்தில் தொடங்கிய தீ எங்கள் மாவட்டத்தின் தெற்குக் கிராமங்களைச் சுட்டது, உயிரும் போனது. அரபு எழுத்துப் பலகைகளை அவசர அவசரமாகக் கழற்றினோம். களிகம்பு ஆடியிருந்தால் அடி விழுந்திருக்காது என்று சொல்கிற அளவுக்கு நான் அப்பாவி அல்லன். அடிக்க வருகிறவன் கலையைக் கேட்டு வருவதில்லை. ஆனால் அந்த நாட்களில் ஒரு சிங்கள ஆசிரிய நண்பர், 'உங்களுக்கென்று இந்த நாட்டில் விளைந்தது என்ன இருக்கிறது?' என்று கோபமில்லாமல் கேட்டார். என் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இருக்கவில்லை.

அரபு ஆட்டம் பழக்கட்டும், நான் தடையில்லை. சரியாகப் பழக்கட்டும். மிஸ்மாரை, அர்ழாவை, பலஸ்தீனர்கள் கைகோத்துக் காலால் தரையை உதைத்து ஆடுகிற தப்காவை, எந்த மண்ணில் எந்த வேலையிலிருந்து எந்தத் துயரத்திலிருந்து வந்தது என்று சொல்லிப் பழக்கட்டும். அதே மேடையில், அதே விழாவில், அதற்கு முன்னதாகவோ பின்னதாகவோ களிகம்பு வரட்டும். நான் படிப்பித்த பாடசாலைகளில் அழகியல் என்றால் சித்திரம் மட்டும்தான். வாரத்தில் ஒரு பின்னேரம் அண்ணாவியாருக்குக் கொடுத்தால் எவருடைய ஈமானும் குறையாது. கம்புக்கு ஆகும் செலவை நான் தருகிறேன் என்று அந்தப் பாடசாலை அதிபருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. பாடசாலை விடுமுறை என்கிறார்கள்.

விழாவுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அண்ணாவியாரின் வீட்டுக்குப் போனேன். பழைய ஏட்டுக் கொப்பி ஒன்றைக் காட்டினார். அரைவாசி கறையான் தின்றது. அரபுத்தமிழிலும் தமிழிலும் கலந்து எழுதிய பாட்டுகள். அவருடைய மூத்த பேரன் ஜித்தாவில் சாரதியாக வேலை செய்கிறான். நான் கேட்டுக்கொண்டதற்காக, பெருநாள் இரவில் அங்கே ஒரு தெருவில் ஆடிய மிஸ்மாரைத் தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தான். கிழவருக்குக் காட்டினேன். இரண்டு பேர் நடுவில் கம்பு சுழற்ற, சுற்றி நின்றவர்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். மூன்றாம் தடவை அவருடைய விரல்கள் கட்டில் சட்டத்தில் தட்டத் தொடங்கின.

'நல்லாத்தான் ஆடுறாங்க சேர்,' என்றார். 'ஆனா அந்த இடப்பக்கத்துப் பொடியன் அடி பிந்துறான். விரல் பத்திரம்னு சொல்லச் சொல்லுங்க.'